டிராயரில் கிடந்த கடிதம்

ஒரகடம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் துறைத் தலைவன். என்மேல் எனக்கே இருக்கும் கோபம் எழுதினால் தீராது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் துறை உதவிப் பேராசிரியை கல்பனாவுக்கு, ஜப்பானில் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்தது. கல்லூரிக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். "அட்மிஷன் முடியட்டும்மா, பார்க்கலாம்" என்று கடிதத்தை டிராயரில் போட்டேன். கோடையில் வீடு வீடாகப் போய் மாணவர்களைச் சேர்ப்பதும் எங்கள் வேலைதான். அவள் போய்விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?

அந்த வேலையாகத்தான் இருவரும் பக்கத்துக் கிராமமான வடக்குப்பட்டுக்குப் போனோம். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த ஒருவரிடம், மகளை எங்கள் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி நோட்டீஸை நீட்டினேன். "வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோட எல்லாம் தொடர்பு இருக்குங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

"இதுவரிக்கும் யாரு சார் போயிக்கிறாங்க?"

நான் வாயைத் திறக்குமுன் கல்பனா சொன்னாள்: "நான் போயிருக்கணும். லெட்டர் சாரோட டிராயர்ல இருக்கு. நேத்தோட கடைசி தேதி முடிஞ்சிருச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியாள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே!

அவர் நோட்டீஸை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "மொதல்ல டீச்சரம்மாவ அனுப்புங்க சார். அப்பால எம்பொண்ண அனுப்புறேன்."

திரும்பும் வழியெல்லாம் அவளைத் திட்ட வார்த்தை தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. நிர்வாகத்தைத் திட்டலாமென்றால், அந்தக் கடிதம் அவர்கள் மேசைக்கே போகவில்லை.

அந்தக் கையெழுத்தைப் போட எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.