சுதேசியைத் திருப்பிக் கொடுக்கப் போன சனிக்கிழமை

காலை 6.40, மதுரை.

நாயோடு வெளியூர் போக நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு தகவல். நாய் என்று காதில் விழுந்ததுமே வாடகைக் கார்க்காரர்களின் போனில் டவர் போய்விடும். எனக்கு நான்கு பேருக்குப் போனது. ஐந்தாவது ஆள் அந்தோணி. கடம்பூர்க்காரர், மதுரையில் கார் ஓட்டுகிறார். கடிக்குமா என்று மட்டும் கேட்டார். கடிக்கிற நாயாக இருந்தால் நான் ஏன் இந்தப் பயணம் கிளம்புகிறேன் என்றேன். போக வர நாலாயிரத்து ஐந்நூறு, சீட்டில் முடி கிடந்தால் கழுவ முந்நூறு தனி என்று பேசி முடித்தோம். காரில் ஏறும்போது, என் முடி உதிர்ந்தாலும் அதே கட்டணமா என்று கேட்டேன். கண்ணாடியில் என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கு வாய்ப்பில்லை என்றார்.

எதற்காகப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிஸ்கட் பாக்கெட்டில் ஒன்று குறைந்தால் கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிற ஜாதி. இருபது வருடப் போராட்டத்தில் எனக்குக் கிடைத்த இழப்பீடு ஒரு மன்னிப்புக் கடிதம், ஒரு சோப்பு. அந்தச் சோப்பும் எடை குறைவு.

போன சுதந்திர தினத்தன்று எங்கள் காலனியில் கொடியேற்றிவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது. குளிர் நாட்டு நாய்களை மதுரை வெயிலில் வளர்ப்பது பாவம், நாட்டு நாய் வளர்ப்பதே தேசபக்தி என்று பேசினேன். பலமாகக் கைதட்டினார்கள். கைதட்டல் விழுந்துவிட்டதால் ஒரு நாய் வாங்கியாக வேண்டியதாயிற்று. அசல் கன்னி இனம், வேட்டை நாய், கரிசல் காட்டு ரத்தம் என்று ஒரு தரகர் பன்னிரண்டாயிரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சுதேசி என்று பெயர் வைத்தேன்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றம் முடிந்து எல்லோரும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, எதிர்வீட்டு ஹவில்தார், அவரும் ஓய்வு பெற்றவர்தான், தன் லாப்ரடாரோடு வந்து சுதேசியை உற்றுப் பார்த்தார். "சார், இது கன்னியா? காய்கறிக் கடை வாசல்ல படுத்திருக்குமே ஒரு கறுப்பு நாய், அதோட ஜாடை தெரியுதே" என்றார். கூட்டம் சிரித்தது. சிலருக்கு லட்டு புரையேறியது.

அன்று மாலையே மூன்று பக்கத்தில் புகார் தயாரித்தேன். தரகரின் போன் அணைந்து கிடந்தது. கையில் இருந்தது அவர் தந்த ஒரு சீட்டு மட்டும்: "தாய் நாய் இருக்குமிடம், சீனியம்மாள் வீடு, விளாத்திகுளம் வழி." சரி, உற்பத்தியிடத்துக்கே போய்த் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். மனைவி வசந்தாவிடம் நாய்க்கு அதன் பிறந்த ஊரைக் காட்டப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் நாய்க்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். என்னை வழியில் எதையாவது சாப்பிட்டுக்கொள்ளச் சொன்னாள்.

காலை 7.50, விருதுநகர் தாண்டி.

நான்குவழிச் சாலை. சுதேசி பின்சீட்டில் நின்று என் தோள்மேல் தாடையை வைத்திருந்தது. நான் கதையை முழுதாகச் சொல்லி முடித்ததும் அந்தோணி கண்ணாடியில் நாயைப் பார்த்தார். பிறகு, "நாயி பொருளா அண்ணாச்சி?" என்றார்.

காசு கொடுத்து வாங்கினால் எதுவும் பொருள்தான், குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பது உரிமை என்றேன். நான் இதைச் சொல்லும்போது பொருள் என் காதை நக்கியது.

"அது கெடக்கட்டும். அந்த ஹவில்தாரு பனியில எல்லையில நின்னுட்டு வந்து லாப்ரடார் வளக்காரு. நீங்க தேசபக்திய நாயி மேல ஏத்திவிட்டுட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு வாறீங்க. ஆமா, அது கழுத்துல கெடக்க பெல்ட்டு எந்த நாட்டுச் சரக்கு?"

திரும்பி லேபிளைப் படித்துப் பார்த்தேன். வெளிநாட்டுச் சரக்கு. லேபிளை உள்பக்கமாகத் திருப்பிவிட்டேன்.

ஆனாலும் என் கருத்து இன்றைக்கும் அதுதான். கம்பளி போர்த்திய நாயை மதுரைச் சித்திரையில் மொட்டைமாடியில் கட்டிப்போடுவது தப்பு. அதைச் சொல்வதற்கு மைக் தேவையில்லை என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரியவில்லை.

காலை 8.40, கோவில்பட்டி.

மதுரையிலிருந்து சரியாக நூறு கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி, பூரி. இருவருக்கும் சேர்த்து நூற்று முப்பது ரூபாய். அடுத்த கடையில் கடலைமிட்டாய் வாங்கினேன். சில்லறையாகத் தாளில் சுற்றிக் கொடுத்தார் கடைக்காரர். தயாரித்த தேதி எங்கே என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். நேற்றுப் போட்டது, நாளைக்கு இருக்காது, இதில் தேதி எதற்கு என்றார். ஒன்றை வாயில் போட்டேன். வெல்லப்பாகு பல்லில் ஒட்டாமல் முறிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தேதியில்லாத பொருளை அரைக்கிலோ வாங்கினேன்.

காலை 9.30, எட்டயபுரம் தாண்டி.

இங்கிருந்து சாலை ஒடுங்குகிறது. இரண்டு பக்கமும் கரிசல், அடிவானம்வரை தடையில்லை. மல்லிச்செடி பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. அதற்கடுத்துப் பருத்தி, மிளகாய், நடுநடுவே காற்றாலைகள். ஓரிடத்தில் பிடுங்கிய உளுந்தஞ்செடியைச் சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறினால் தானாக நெற்று உடைந்துவிடும். அந்தோணி வேண்டுமென்றே அதன்மேல் நிதானமாக ஓட்டினார். வேலிமரத்தடியில் இருந்த அம்மா கையைத் தூக்கி நன்றி சொன்னார். என் வாடகையில் அந்தோணி உளுந்து போரடிக்கிறார் என்று புகார் எழுதியிருக்கலாம். எழுதத் தோன்றவில்லை.

சுதேசிக்கு அவசரம் வந்ததால் இறங்கினோம். முந்தைய வாரம் மழை பெய்திருக்கிறது. நாய் துள்ளிப்போய்த் துள்ளி வந்துவிட்டது. நான் பத்தடி நடந்ததற்குள் ஒவ்வொரு செருப்பிலும் அரைக்கிலோ மண் அப்பிக்கொண்டது. ஐந்தடி நான்கங்குலமாகப் போனவன் ஐந்தடி ஆறாகத் திரும்பினேன். கட்டணமில்லாமல் கூடுதல் எடையும் உயரமும் தந்த முதல் நிறுவனம் கரிசல் மண்தான்.

காலை 10.20, விளாத்திகுளத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாய் கேட்டு நாலு பேர் போய் நிற்பார்கள். அந்த வீட்டில் நாய் விற்பதில்லை.

இது எனக்கு அப்போது தெரியாது. ஓட்டுவீடு, முன்னால் தகரக் கொட்டகை, அதில் தையல் மிஷின். சீனியம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். புதியம்புத்தூர் கடைக்குப் போகவேண்டிய பிள்ளைகளின் கவுன்களை அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், வெளியே நம்மைவிட நல்ல தமிழ். வேப்பமரத்தடியில் கறுப்பாக, ஒல்லியாக ஒரு நாய் கண்ணை மட்டும் திறந்து எங்களைப் பார்த்தது. அதுதான் தாய்.

நான் கோப்பைப் பிரித்தேன். வாசிங்க, கேக்குதேன் என்று சொல்லிவிட்டு அவர் மிஷினை நிறுத்தாமல் தைத்தார். வாசித்தேன். வலது காது மடிந்திருக்க, இடது காது நிற்கிறது. வாலில் தேவைக்கு அதிகமான வளைவு. வேட்டை இனம் என்று சொல்லி விற்கப்பட்டது, மிக்சி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போகிறது. கொரியர்க்காரனைக் கண்டால் படுத்து வயிற்றைக் காட்டுகிறது. மூன்று பக்கம் முடிய எட்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் கவுனுக்கு ஒரு கை தைத்து முடித்துவிட்டார்.

"சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கும் சார். விட்டுட்டுப் போங்க" என்றார்.

நான் திகைத்துப்போனேன். மறுப்பார், வாதாடுவார், நான் சட்டப்பிரிவு சொல்வேன் என்று தயாராக வந்தவன். என் சரித்திரத்தில் எந்தப் புகாரும் ஒரே வாக்கியத்தில் ஏற்கப்பட்டதில்லை. சீனியம்மாள் எழுந்து வந்து தெலுங்கில் "ரா, ரா" என்றார். ஐந்து மாதமாக நான் "சுதேசி, இங்கே வா" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாத நாய், எழுந்து அவரிடம் போனது. அவர் அதன் பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, இது உங்களுடையது என்றார். நாய் மிஷினுக்கு அடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவே சுருண்டு படுத்தது. ஒருதடவைகூட என்னைப் பார்க்கவில்லை.

பெல்ட் கையில் இன்னும் சூடாக இருந்தது.

பணம் என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் விக்கலையே சார். எங்க வீட்டுல நாய விக்கிறது கெடையாது. எனக்கே இதோட பாட்டி நாயி கல்யாணத்துக்குச் சீரா வந்தது. ஒருத்தன் வளக்கேன்னு கேட்டு வந்தான், குடுத்தோம். வேற ஆளுக்குக் குடுக்கமாட்டேன், முடியலைன்னா இங்கனயே கொண்டாந்து விட்டுருதேன்னு வாக்குக் குடுத்துட்டுத்தான் வாங்கிட்டுப் போனான். அவன் ஒங்கள்ட்ட வித்துட்டான். அவன்ட்டயே கேளுங்க. நாயி எங்க நாயி, வீட்டுக்கு வந்துட்டு. அம்புட்டுத்தான்."

அந்தோணி காரில் சாய்ந்து நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள்தான் அவ்வளவு கவனமாகக் காற்றாலையைப் பார்ப்பார்கள். ஜெயித்தாயிற்று. காரில் ஏறிப் போகவேண்டியதுதான். இரண்டரை மணிக்கு வசந்தா கேட்டைத் திறப்பாள், என் காலைத் தாண்டி நாயைத் தேடுவாள். கோப்பை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

"எனக்கு நாய் வேண்டும்" என்றேன்.

சீனியம்மாள் மிஷினை நிறுத்தினார். என் பேச்சுக்காக முதல்முறையாக நிறுத்தினார். ஒரு காது விழவில்லை என்றீர்களே என்றார். அது ஒரு அழகுதான் என்றேன். மிக்சிக்குப் பயப்படும் என்றீர்களே என்றார். எனக்கே அந்தச் சத்தம் பிடிக்காது, இரண்டுபேரும் சேர்ந்துதான் வேறு அறைக்குப் போவோம் என்றேன். ராத்திரி எங்கே படுக்கும்? கட்டிலில். நீங்கள்? ஓரத்தில். நானே எழுதிய புகாருக்கு நானே எதிர்க்கட்சி வக்கீலாக நின்றேன். பத்து நிமிடத்தில் மூன்று பக்கத்தையும் தவிடுபொடி ஆக்கினேன். இவ்வளவு திறமையாக எந்தக் கம்பெனியும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

அவர் இளகவில்லை. உங்கள் வாக்கை எப்படி வாங்குவது, திருப்பிக் கொடுக்க எழுதிக்கொண்டு வந்தவர்தானே நீங்கள் என்றார். நியாயமான கேள்வி. பிறகு கையை நீட்டினார். "வீட்டுல அக்காவுக்குப் போனப் போட்டுக் குடுங்க."

அந்தோணி காற்றாலையை விட்டுவிட்டு அருகிலேயே வந்துவிட்டார்.

நான் போட்டுக் கொடுத்த போனைச் சீனியம்மாள் ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். கோப்பு, மூன்று பக்கம், வால், எல்லாம். அப்புறம் வசந்தாவின் குரல் நிதானமாக வந்தது. "அவன் சாப்பிட்டானா?"

இன்னும் இல்லை என்றார் சீனியம்மாள்.

"தயிர்சாதம் சிவப்பு டப்பாவில் இருக்கிறது. தட்டில் போட்டால் சாப்பிடமாட்டான், உருட்டிக் கையில் கொடுக்க வேண்டும்."

சீனியம்மாள் என் பக்கம் திரும்பாமலேயே தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு முறைப்படி வாக்குக் கேட்டார். விற்க மாட்டேன், மூன்றாம் கைக்குக் கொடுக்க மாட்டேன், வளர்க்க முடியாமல் போனால் இந்த வீட்டுக்கே கொண்டுவருவேன். வசந்தா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். எங்கள் கல்யாணத்தில்கூட அவள் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. கடைசியில் அவள், "நாயை அனுப்பி வையுங்கள் தங்கச்சி. இவரை வேண்டுமானால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

"அது முடியாதுக்கா. நாங்க குடுத்தத மட்டுந்தான் திரும்ப வாங்குவோம்" என்றார் சீனியம்மாள்.

அந்தோணி கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார்.

பகல் 12.10, திரும்புகாலில்.

சுதேசி சிவப்பு டப்பாவைக் காலி செய்தது, சீனியம்மாளின் கையிலிருந்து. எனக்கும் அந்தோணிக்கும் கம்பஞ்சோறும் மிளகாய் வத்தலும் கிடைத்தன. புறப்படும்போது "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் சீனியம்மாள். அந்த வீட்டுக்குச் சாராக வந்தவன் ஒருவழியாக அண்ணாச்சியாகித் தேறினேன்.

கோவில்பட்டி வரை மீதிக் கடலைமிட்டாயைத் தின்றுகொண்டு வந்தோம். எங்கள் ஊர்க் கடைகளில், விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்று பலகை மாட்டியிருப்பார்கள். அந்தப் பலகைகளோடுதான் இருபது வருடமாக எனக்குச் சண்டை. இங்கே ஒரு வீட்டில் விற்காததை மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கினார்கள். கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்டே பழக்கம். கிடைத்த நாய்க்கு என்னால் என்ன கிடைக்கும் என்று இன்றைக்குமுன் யாரும் என்னைக் கேட்டதில்லை. என்னுடைய உரிமைகள் எல்லாம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பிஸ்கட் குறைந்தால் எழுதத்தான் போகிறேன். நாய் விஷயத்தில் மட்டும் நான் நுகர்வோன் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

விருதுநகர் நெருங்கும்போது சுதேசி என் மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாகத் தூங்கிவிட்டது. அந்தோணி கண்ணாடியில் பார்த்து, நிம்மதியாகத் தூங்குகிறானே என்றார். தூங்காமல் என்ன? அவனுக்காக வசந்தா வாக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்குத்தான் யாரும் கொடுக்கவில்லை. மதுரை இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர். கொஞ்சம் மெதுவாகவே போகலாம் என்று அந்தோணியிடம் சொன்னேன்.