மூக்கு ஆபரேஷனுக்குப் போட்ட நம்பர்

வீட்டுக்காரருக்கு மூக்கில் ரத்தம் நிற்காமல் கொட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்து அடைத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ராஜபாளையத்தில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைக் கட்டிய பிறகுதான் நின்றது.

இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று விடிந்ததுமே பையைக் கட்டிவிட்டோம். மதியம் ஆகியும் விடவில்லை. இன்சூரன்ஸில் பணம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கவுன்ட்டர் பெண்ணிடம் போய் நின்றேன்.

"பஞ்சு வைக்கதுக்கெல்லாம் பெட்டுல சேக்க வேண்டாம்னு சொல்றாங்கக்கா."

"பஞ்சா? மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன்லா பண்ணீங்க!"

இன்சூரன்ஸுக்கு அனுப்பின காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. நம்பர் வரும். பையிலிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே நம்பர்.

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு நம்பர் உண்டுக்கா. நீங்க குடுத்த பழைய பில்லப் பாத்து அடிச்சிட்டேன்."

"நல்லவேளை, பிரசவ பில்லக் குடுக்காமப் போனேன்" என்றேன். சிரித்துக்கொண்டே மாற்றி அனுப்பினாள்.

வராண்டாவில் இவர் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். "என்னட்டி, விட்டுட்டாங்களா?"

"விடுவாங்க. மூக்கத் தொடாம செத்த நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் பையைத் தூக்கினார்.

அனுப்பி இரண்டு மணி நேரம் ஆகிறது, பதில் இல்லை. என்னாலும் உட்கார முடியவில்லை.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? இந்தப் பாடு பட்டவர்கள் சொல்லுங்கள். "சீக்கிரம் வந்துரும்" என்று எழுதப்போகிறவர்கள் மட்டும் நேரில் வந்து, இந்த மனுஷனை ஐந்து நிமிடம் உட்கார வைத்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.