இனிப்பு மேசையில் ஏழாவது ஆள்

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். என்னுடைய ஒன்பதாவது பிறந்த நாளன்று அவர் செய்த காரியத்திலும் பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதுக்கரைப் பக்கம் அப்போது புதிதாக ஒரு தீம் பார்க் வந்திருந்தது. பகலெல்லாம் ராட்டினமும் சறுக்கும். பொழுது சாய்ந்ததும் நடுவிலிருந்த குளத்தில் நீரூற்றுகளை ஆடவிட்டு, வண்ண விளக்கடித்து, பாட்டுப் போட்டுக் காட்சி நடத்துவார்கள். சாதாரண டிக்கெட்காரர்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் குளத்தை ஒட்டியே மேசை போட்டு, காட்சி முடிகிறவரை விதவிதமாக இனிப்பு கொண்டுவந்து வைப்பார்கள். என் வகுப்பில் ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டு வந்து, பல நாள் வேறு பேச்சே பேசவில்லை.

"பாப்பா பொறந்த நாளுக்கு அந்த மேசைய புக் பண்ணிப்போட்டேன். அம்மணி, நீயும் வரோணும்" என்று அப்பா சித்தியிடம் சொன்னார்.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடு இருந்தாள். சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. அவளைப் பெண் பார்க்க எத்தனையோ பேர் வந்து, பஜ்ஜி தின்று, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருந்தார்கள். கடைசியாக வந்தவர்கள் அவளை நடந்து காட்டச் சொன்னார்கள். அவர்கள் படியிறங்கியதும் சித்தி அப்பாவிடம் வந்து, "மாமா, இனிமே யாரு முன்னாலயும் காபித் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேனுங்க. கல்யாணம் ஆவாட்டியும் பரவாயில்லைங்க" என்றாள்.

"செரி அம்மணி. இனி யாரையும் ஊட்டுக்குக் கூட்டியாற மாட்டேன்" என்றார் அப்பா.

பிறந்த நாளன்று அம்மா சித்திக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்தாள். "தண்ணி தெறிக்கற எடத்துக்குப் பட்டு எதுக்குக்கா" என்று சித்தி சுடிதாரிலேயே கிளம்பினாள். அம்மா விடாப்பிடியாக அவள் தலையில் முல்லைப்பூவையாவது வைத்துவிட்டாள். காரில் போகும்போது நானும் சித்தியும் எதை முதலில் தின்பது என்று பின்சீட்டில் சண்டை போட்டுக்கொண்டே போனோம். அவள் கேரட் அல்வா கட்சி. நான் சாக்லேட் கேக்.

மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். நாங்கள் நான்கு பேர். குளத்துக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்தேன். சர்வர் தட்டுகளை வைத்துவிட்டுப் போனார். நான் ஸ்பூனை எடுப்பதற்குள் ஒரு அம்மாளும், வேட்டி கட்டிய பெரியவரும், கட்டம்போட்ட சட்டை அணிந்த அவர்கள் மகனும் எங்கள் மேசையருகே வந்து நின்றார்கள்.

"வாங்க, வாங்க. கொடுமுடியில இருந்து எப்பக் கெளம்புனீங்க" என்று அப்பா எழுந்தார். முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு, எந்திரிச்சு எடம் குடு. நீ சின்னப் புள்ளதான, நின்னுட்டே பாக்கலாம்" என்றார்.

என் பிறந்த நாள். என் நாற்காலி. நான் எழவில்லை. அப்பா கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். சட்டைக்காரர் என் இடத்தில் உட்கார்ந்தார். எனக்கு வைத்த கேக் அவர் முன்னால் இருந்தது. நான் தள்ளிப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேரையும் குளத்தில் தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது. அப்பாவை முதலில்.

விளக்குகள் அணைந்து காட்சி தொடங்கியது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி வளைந்தது. கூட்டம் கைதட்டியது. அந்த அம்மாளோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சியைப் பார்க்காதவர்களுக்கு எதற்கு என் இடம் என்று எனக்குத் தலைக்கேறியது. சித்தியின் முகம் சிவப்பாகி, பச்சையாகி, நீலமாக மாறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அம்மாவின் பக்கம் சாய்ந்து, பாட்டுச் சத்தத்தை மீறிக் கேட்கும்படியாக, "இந்த லைட்டுல பொண்ணு நெறம் ஒண்ணும் புடிபடலீங்களே" என்றார்.

சித்தியின் ஸ்பூன் அல்வாவிலேயே நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா நீரூற்றைப் பார்த்தார்.

சித்தி எழுந்தாள். "ஏனுங்க, தண்ணி அந்தப் பக்கம் ஆடுதுங்க. அதப் பாக்கறதுக்குத்தானுங்க இந்த மேசை" என்றாள் அந்த அம்மாளிடம். குரல் உயரவே இல்லை. பிறகு சட்டைக்காரரிடம் திரும்பி, "நீங்க உக்காந்திருக்கறது எங்க பாப்பா சேருங்க. இன்னைக்கு அவ பொறந்த நாளுங்க" என்றாள்.

அவர் பதறி எழுந்தார். "தெரியாதுங்க. உங்களுக்கும் சம்மதம்னு தரகர் சொல்லித்தானுங்க வந்தோம்."

"நீங்க வர்றதே எனக்குத் தெரியாதுங்க."

அப்பா பல்லுக்குள் பேசினார். "ஊட்டுக்கு நான் யாரையும் கூட்டியாறல அம்மணி. தட்டும் நீ எடுத்துட்டு வரல, சர்வர்தான எடுத்துட்டு வந்தாரு. இதுல என்ன கொறஞ்சு போச்சு உனக்கு?"

"ஆமாங்க மாமா. நீங்க சொன்ன சொல்லு தவறலீங்க" என்றாள் சித்தி. அதைவிட மோசமாக அப்பாவை யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

என் கேக் தட்டை எடுத்துக்கொண்டு அவள் நேராக என்னிடம் வந்தாள். கயிற்றைத் தூக்கி என்னைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய், அவ்வளவு பெரிய பிள்ளையை இடுப்பில் ஏற்றிவைத்துக்கொண்டாள். எல்லாத் தலைகளுக்கும் மேலாக நான் மீதிக் காட்சியைப் பார்த்தேன். கேக்கையும் தின்றேன். சித்தி காட்சியைப் பார்க்காமல் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் என நினைத்தேன்.

திரும்பி வரும்போது, சித்தி காரில் இல்லாததுபோல அப்பா அம்மாவிடம், "நாலு பேரு முன்னால எம் மானத்த வாங்கிப்போட்டா உந் தங்கச்சி" என்றார்.

என் நாற்காலிக்காகச் சித்தி ஒரு மேசையையே எதிர்த்துச் சண்டை போட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு வந்த கோபம்தான் அவளுக்கும் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீக்கிரமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிங்காநல்லூரில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பிறகு எங்கள் வீட்டில் ஒருநாளும் தங்கியதில்லை. பல வருடம் கழித்து, தானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

அவள் போன மறுநாள் அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"அப்பா, எனக்கு அந்தச் சேரு வேண்டாம். அவங்களுக்கே குடுத்துருங்க. சித்திய வரச் சொல்லுங்க."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சித்தியைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று நினைத்து, நான் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.