ஆணியடித்த கதவு

தொண்ணூறுகளில் லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் மனநல ஆலோசகராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சரோஜா அக்கா, தூக்கமே வருவதில்லை என்றார். வாராவாரம் ஊரையும் ஷெல்லடியையும் பற்றிக் கேட்டு, ‘போர்ப் பயம்’ என்று கோப்பில் எழுதினேன். பிறகு அவர் வரவில்லை. நான் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கோப்பை மூடிவிடலாம் என்ற அலுப்போடுதான் அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவில் கடிதம் போடும் துவாரத்தைப் பலகை வைத்து ஆணியடித்திருந்தார். விளிம்பெல்லாம் கரி.

“இதுக்குள்ளால வெள்ளைப் பெடியள் கொளுத்தின கடதாசி போட்டவங்கள். வந்த நாள் தொடக்கம் கரைச்சல்தான்.”

“ஏன் அக்கா என்னட்டைச் சொல்லேல்லை?”

“நீங்கள் ஊரைப் பற்றித்தானே கேட்டனீங்கள்.”

பக்கத்துத் தெருத் தமிழ்ப் பெண்கள் முறைவைத்து வந்து தங்கிய பிறகுதான் அக்கா தூங்கினார். இப்போதெல்லாம் யாரிடமும் முதலில் ஊரைக் கேட்பதில்லை. இருக்கிற தெருவைக் கேட்கிறேன்.