கிளிக்கூண்டின் கீழ் ஒரு கோழி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மலையில் பனி இறங்கிய வாரத்தில் ஆண் கிளி செத்தது.
2. பெண் கிளி தன் நெஞ்சிலிருந்து இறகுகளைப் பிடுங்கத் தொடங்கியது. இறகு உதிரும் பருவம் என்று நினைத்தேன்.
3. பூதக்கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்தேன். பேன் இல்லை, செதிலும் இல்லை.
4. வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த நீரை ஆற்றித் தெளித்தேன். பயனில்லை.
5. மருந்து அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். தினையைக் கொத்த முடியாமல் துவண்டது. கழற்றிவிட்டேன்.
6. நெஞ்சில் ரத்தம் கசிந்தது.
7. மலையின் இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டில் கோழிகள் கழிச்சல் கண்டு சாகின்றன என்று செய்தி வந்தது.

ஏழாவதற்கும் மற்ற ஆறுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஊர் அப்படி நினைக்கவில்லை.

இது யுத்த காலம். சேலத்தில் நர்சுப் படிப்பை முடித்து, மலைமேல் குண்டூர் நாட்டு மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வாங்கும் ராவுத்தர் ஒருவரின் மகளுக்குப் பிரசவம் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியில் அவர் கொடுத்த கிளிகள் இவை. ஊர் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கூண்டோடு விற்றதாம். பச்சையும் மஞ்சளுமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக்கிளிகள்.

ஊர்க்கவுண்டர் மருந்தக வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஏனுங்க நர்சம்மா, அந்தக் குருவிக்கு என்ன சீக்குங்க?"

"சீக்கு இல்லைங்க. தானே பிடுங்கிக்குது."

"தன் இறகத் தானே பிடுங்குமாக்கும்? கோயில் நோம்பி வருதுங்க. ஊட்டுக்கு ஊடு சாமிக்குச் சேவல் விட்டிருக்கோம். ஒரு இறகு கொறஞ்சாலும் ஆகாது. அதக் கீழ கொண்டுபோய் உட்டுருங்க. இல்லீன்னா நாங்களே அதோட கதைய முடிச்சுப்போடறோம்."

அந்தப் பனியில், புண்பட்ட நெஞ்சோடு, மலையிறங்கும் பாதையை அது தாங்காது. கீழே கொண்டுபோவதும் கொல்வதும் ஒன்றுதான்.

"ஒரு கோழியக் குடுங்க," என்றேன். "கூண்டுக்குக் கீழயே வெச்சுக்கறேன். நோம்பி வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா கிளி இருக்கட்டும்."

"ஆச்சுன்னா?"

"நீங்க சொன்னபடி."

சாயங்காலம் அவர் மனைவி ஒரு செம்பழுப்புக் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். "முட்டை உடறத நிறுத்திப்போட்டுது, கண்ணு. செத்தாலும் எனக்கு நட்டமில்ல," என்று சிரித்தார்.

கோழி வந்த வேகத்தில் காயத்துக்கான கட்டுத்துணிச் சுருள்கள் இருந்த கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூடையைக் கூண்டின் கீழே நகர்த்தினேன். அதன்பின் காலையில் என் முதல் நோயாளி அந்தக் கோழிதான். கண், கொண்டை, எச்சம், இறகு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தன. மேலே கிளி மட்டும் பிடுங்கிக்கொண்டே இருந்தது.

நோம்பி நெருங்கிய ஒரு காலையில் கூடையில் செம்பழுப்பு இறகுகள் கிடந்தன. கோழியைத் தூக்கிப் பார்த்தேன். அதன் நெஞ்சிலும் தோல் தெரிந்தது.

கூடையைத் துடைத்துவிடலாம். கோழியின் நெஞ்சை என்ன செய்வது? நானே போய்ச் சொன்னேன்.

கவுண்டரும் மனைவியும் வந்தார்கள். கவுண்டர் ஒரு தடவைதான் குனிந்து பார்த்தார். "ஆச்சுங்க. பேசினபடி," என்று கூண்டின் கதவில் கை வைத்தார். கிளி மூலைக்கு ஒதுங்கியது. வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

அவர் மனைவி கோழியின் அடியில் கைவிட்டார். சுருட்டி வைத்த கட்டுத்துணி ஒன்று கையோடு வந்தது. கோழி சீறிக்கொண்டு அவரைக் கொத்தியது.

"அட கூறுகெட்டதே! துணிமேல அடை உக்காந்திருக்குது! ஏனுங்க, அடைக்கோழி நெஞ்சு இறகப் பிடுங்கறத நீங்க பாத்ததே இல்லீங்களா?"

"பாத்தவ எதுக்கு இதக் கொண்டாந்தே?"

"முட்டை உடாததக் குடுத்தா நட்டமில்லீன்னு பாத்தேன்."

"நல்லாப் பாத்தே போ. இதுக்குத்தான் ஊரே காத்துக்கெடந்துதா?"

நான் குறுக்கிட்டேன். "கோழியும் தானேதாங்க பிடுங்குது. அது சீக்குங்களா?"

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "அது குஞ்சுக்குச் சூடு வேணுமின்னு பிடுங்குது. இது எதுக்குங்க பிடுங்குது?"

"தெரியலைங்க," என்றேன்.

அவர் கை கூண்டிலேயே இருந்தது. கோழி கூடைக்குள் திரும்பி, இறகைப் பரப்பி, மிச்சத் துணிச் சுருள்களை அடியில் இழுத்துக்கொண்டது. அவர் கையை எடுத்தார்.

"முட்டை கொண்டாந்து வை," என்றார் மனைவியிடம். "அடைக்கு உக்காந்தத எடம் மாத்தப்படாது. இங்கயே பொரிக்கட்டும். குஞ்சு நல்லா வந்தா அப்புறம் பேசலாம்."

நோம்பி முடிந்தது. சேவல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழிச்சல் குண்டூர் நாட்டுக்கு வரவில்லை. கோழி குஞ்சுகளோடு வீட்டுக்குப் போய்விட்டது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. கவுண்டர் அப்புறம் பேசவில்லை. கிளி மருந்தகத்தில் இருக்கிறது. கழுத்தில் முள் போலப் புது இறகு வருகிறது. நெஞ்சு இன்னும் வெறுமை. சில நாள் பிடுங்குகிறது, சில நாள் இல்லை. எதற்கு என்று எனக்கு இன்னும் தெரியாது.