யாழினி அணிந்த சவால்

மலேசியாவின் ஈப்போவில் எதிரே வரும் குழந்தைகளை நான் முதலில் படிக்கிறேன்; பிறகுதான் பார்க்கிறேன். காரைக்குடியில் ஆட்டோக்களின் முதுகில் வாசகங்களைப் படித்துப் பழகியவன் நான். இங்கே அவை பிள்ளைகளின் மார்பில் இருக்கின்றன. புந்தோங் கடைத்தெருவில் ஒரு கைக்குழந்தையின் சட்டை 'அடங்க மாட்டேன்' என்று அறிவித்தது. குழந்தையோ தாயின் தோளில் அடங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. பேசத் தெரியாத வாய்க்குப் பெரியவர்கள் வசனம் எழுதித் தருவது முறையா? வேதியியல் பேராசிரியனாக இருந்தவனுக்கு எதையும் விவாதிக்காமல் விட முடிவதில்லை.

அந்த விவாதம் சென்ற ஞாயிறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் ஒரே மகன் இங்கே வேலைக்கு வந்து, இங்கேயே மணம் முடித்தவன்; போன ஆவணியில் நோயில் மறைந்தான். மருமகள் கவிதாவுக்கும் ஏழு வயதுப் பேத்தி யாழினிக்கும் துணையாக ஈப்போவின் குனோங் ராபாட் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தேன். அன்று குடியிருப்பாளர்களின் விளையாட்டு விழா. யாழினி மஞ்சள் சட்டையில் துள்ளிக்கொண்டு வந்தாள். 'எங்கப்பாவ ஜெயிக்க ஆளில்லை' என்று அதில் கொட்டை எழுத்து. வளரும் பிள்ளை என்று பெரிய அளவில் என் மகன் அச்சடித்து வாங்கி வைத்தது. இப்போதுதான் அவளுக்குச் சரியாகியிருக்கிறது.

"இது வேணாம் கவிதா. மத்த தகப்பன்மார் ஓடுற இடம். அவங்களுக்கும் மரியாதை இல்லை, நமக்கும்…" என்று இழுத்தேன்.

கவிதா ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவரின் மகள். சுற்றி வளைக்கத் தெரியாது. "போட்டுக்கட்டும்லா மாமா. அவரு வாங்குனது. அடுத்த வருசம் இதுவும் பத்தாது."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினேன்.

சுண்ணாம்புக் குன்றின் அடியில் திடல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கி, விசில், நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலங்கள், வெயிலில் கத்தும் பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரஹீம், தன் மகனோடு ஓடத் தயாராக நின்றவர், யாழினியின் சட்டையைக் காட்டி, "ஆபா மக்சுட், அங்கிள்?" என்று பொருள் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கைதட்டிச் சிரித்தார். "அப்படியா! எங்கே அந்த அப்பா? கூப்பிடுங்க, பார்த்துடலாம்!" சவாலை மகிழ்ச்சியோடு ஏற்ற நல்ல மனிதரின் சிரிப்பு அது. நான் சொல் தேடுவதற்குள் யாழினி தெளிவான மலாயில் சொல்லிவிட்டாள்: அப்பா இறந்துவிட்டார், தாத்தா ஓடுவார்.

ரஹீமின் முகம் மாறியது. அவர் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது அழைப்பு விசில் ஊதியது. தகப்பனும் பிள்ளையும் கைகோத்து ஓடும் ஓட்டம். ஆண்டுத் திதி வருமுன் பந்தயத்தில் ஓடிய துக்கக்காரனை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. செருப்பைக் கழற்றினேன். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பேன்; கால்சட்டையைச் சுருட்டிவிட்டேன். அடுத்த விசிலுக்குப் பிறகு என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. "செபாட், அங்கிள், செபாட்!" என்று மலாயில் வேகப்படுத்தியும் "விடாதீங்க தாத்தா!" என்று தமிழில் கத்தியும் எங்களை விரட்டினார்கள். புல் குத்தியது, மூச்சு எரிந்தது, அந்தச் சின்னக் கை என்னை இழுத்துக்கொண்டு பறந்தது. அத்தனை பேரும் எங்களை முந்தினார்கள். கடைசியாக வந்தோம்.

யாழினியின் வகுப்புத்தோழி ஒருத்தி காத்திருந்தாள். "ஏய், தோத்துட்டீங்க! சட்டைல பொய்யி!"

மூச்சிரைக்க இடுப்பில் கைவைத்து நின்றாள் என் பேத்தி. "தெரியாம பேசாதலா. தாத்தாதான் தோத்தாரு. எங்கப்பா தோக்கல."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கவிதா திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு அவளும் சிரித்தாள். அந்த வாசகத்தின் மீது நான் அடுக்கியிருந்த ஆட்சேபங்களில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

கவிதா எடுத்த படம் அன்று மாலைக்குள் காரைக்குடி போய்விட்டது. "வருசம் திரும்பலையே அண்ணே, என்ன இது ஓட்டம்?" என்று தங்கை கேட்டிருக்கிறாள். கேள்வி நியாயமானது; பதில் எழுத உட்கார்ந்து, மறுபடியும் படத்தைத் திறக்கிறேன். படத்தில் யாழினி முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டாள். என் கால்களில் ஒன்று கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். அவள் இன்னும் என் கையை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.