புனைபெயருக்கு வந்த சம்பந்தம்

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில் ஒரு வாசிப்புக் குழு நடக்கிறது. அதில் நான் ஒருத்திதான் தமிழ். போன வருடம் தலையணைத் தடிமனில் ஒரு பழைய ஆங்கில நாவல் தந்தார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு பெண் ஆணின் பெயரில் எழுதியது. ஒரு சின்ன ஊர். யாருக்கு யாரைப் பேசுகிறார்கள், யார் வீட்டில் என்ன சீதனம், யார் யாரோடு கோபம், இதுதான் கதை. "அந்தக் காலத்துச் சனங்கள் பாவம்" என்று குழுவில் ஒரு வெள்ளைக்கார அம்மா பெருமூச்சு விட்டார். எந்தக் காலத்து? அது அப்படியே எங்கள் மோர்டன்.

எனக்குக் கை துறுதுறுத்தது. கோயில் அன்னதான வரிசையில் காதில் விழுந்ததையெல்லாம் கதையாக எழுதினேன். இங்குள்ள ஒரு தமிழ் மாத இதழ் போட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே, நானும் ஓர் ஆணின் பெயரை வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கதைகளுக்கு அடிமை. அவருடைய கணவர் டிவிக்கு முன்னால் இருந்தபடி "தேத்தண்ணி" என்பதற்கு மட்டும் வாய் திறப்பவர். ஒருநாள் அக்கா இதழோடு வந்தார்.

"பிள்ளை, இந்த எழுதுற பெடியன் ஆரெண்டு தெரியுமே? கலியாணம் கட்டேல்லையெண்டால் என்ர தங்கச்சியின்ர மகளுக்குப் பேசலாம்."

எனக்குப் புரையேறியது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களின் விசாரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. இரண்டு கிழமையில் தகவல் வந்தது. நோர்பரியில் ஒருவர், பெடியன் கணக்காளர், குடிக்கமாட்டான் என்றாராம். பிளேஸ்டோவில் ஒருவருக்கு அவனுடைய தாயையே தெரியுமாம். "நல்ல குடும்பம்" என்றார் அக்கா. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த கிழமை அக்கா பெடியனின் சாதகம் தேடி வந்தார். "நீயும் அந்தப் பேப்பருக்கு எழுதிக் கேளன். தங்கச்சியின்ர பெட்டை கதையளை வாசிச்சிட்டு ஓமெண்டிட்டாள். வந்த சம்பந்தமெல்லாம் வேண்டாமெண்டவள்."

என் சிரிப்பு அத்தோடு நின்றது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டியவள் நான். குத்து வாங்கப் போவது அந்தப் பெண். வெட்கமாக இருந்தது.

"அக்கா, அது நான்தான்" என்றேன்.

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அக்கா இதழை மடித்தார், விரித்தார்.

"எல்லாருக்கும் சோறு போட்டுக் குடுத்திட்டு அடிச்சட்டியில மிஞ்சினதைச் சாப்பிடுற மனுசியின்ர கதை? அதுவும் நீயோ எழுதினனீ?"

"ஓம்."

"அதை வாசிச்சு நான் அழுதனான்" என்றார். "ஒரு ஆம்பிளைக்காவது இது விளங்குதே எண்டு."